கடைசியாகப் பறந்த உயரம்

கோயம்புத்தூர்,
5 ஜூன் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நமக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் சுகம். திராட்சை எப்படி? இந்த முறையும் மழையில் வெடித்துவிடவில்லையே? இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை, பக்கத்துத் தோட்டத்து மைதீன் அண்ணன் கொடுக்கும் தைலம்தானா?

ஒரு உதவி வேண்டும். நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் பிள்ளைகளோடு சேர்ந்து ராக்கெட் குழு தொடங்கியிருக்கிறோம். ஜூலை ஏழாம் தேதி முதல் ராக்கெட். எவ்வளவு உயரம் போனது என்று சொல்லும் ஆல்டிமீட்டர் மட்டும் வந்து சேரவில்லை. வெளிநாட்டுப் பார்சல், எங்கோ நிற்கிறது. நம்முடையதை அனுப்புங்கள். பறந்ததும் திருப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. கல்லூரிக் குடியிருப்பில் எனக்கு இடம் தருகிறார்கள். ஒற்றை அறை போதுமா, குடும்ப வீடு வேண்டுமா என்று ஜூலை முடிவதற்குள் சொல்லச் சொல்கிறார்கள். நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
நாகஜோதி


கம்பம்,
11 ஜூன் 2024

ஜோதிக்கு,

கடிதம் வந்தது. பழம் நன்றாக இருக்கிறது, விலைதான் இல்லை. இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

ஆல்டிமீட்டரை மட்டும் கேட்காதே. சால்டரிங் அயர்ன், ஏவுகம்பி, மிச்சமிருக்கும் அட்டைக் குழாய்கள் எல்லாவற்றையும் நாளைக்கே பஸ்ஸில் போடுகிறேன்.

காரணம் சொன்னால் சிரிக்கக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் அது கடைசியாகப் பறந்த உயரத்தைப் பீப் ஒலியில் சொல்லும் அல்லவா? நாலு பீப். கொஞ்சம் இடைவெளி. ஒரு பீப். மறுபடி இடைவெளி. இரண்டு பீப். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நீ வேலைக்காகக் கோயம்புத்தூருக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், அறுப்பு முடிந்த வயலில் நாம் இருவரும் விட்டது. இந்த இரண்டு வருஷமாக நான் ராக்கெட் எதையும் விடவில்லை. அதனால் இன்னும் அதே எண்ணைத்தான் சொல்கிறது. தோட்டத்திலிருந்து வந்ததும் சில நாள் சுவிட்சைப் போட்டுக் கேட்பேன். வேறொரு ராக்கெட்டில் பறந்தால் அது அழிந்துவிடும்.

போன மாதம் குமுளிக்குப் போகும்போது சட்டைப்பையில் அதை ஆன் செய்தே வைத்திருந்தேன். பஸ் அவ்வளவு மலை ஏறியது. வீட்டுக்கு வந்து கேட்டால் அதே நானூற்றுப் பன்னிரண்டு! காற்றழுத்தம் மெதுவாக மாறினால் அது பறப்பதாகவே எடுத்துக்கொள்வதில்லை. வானிலை மாறுகிறது என்று நினைத்து, இருக்கிற இடத்தையே தரை என்று திருத்திக்கொள்கிறது. நல்லவேளை என்று நினைத்தேன்.

வீட்டைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

விஜயராஜ்


கோயம்புத்தூர்,
17 ஜூன் 2024

மச்சானுக்கு,

நான் சிரிக்கவில்லை.

அந்த எண் எனக்கும் தெரியும். நானும் அந்த வயலில்தான் நின்றேன். ராக்கெட் இறங்கியதும் நீங்கள் அதைக் காதோரம் வைத்து எண்ணினீர்கள். வரப்பில் யாராவது வருகிறார்களா என்றுகூடப் பார்க்காமல் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது, 'போகாத' என்றோ 'நானும் வாரேன்' என்றோ ஒரு வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சொன்னது, "நாளைக்கு மருந்தடிக்கணும்." நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை. "காலைல பஸ்ஸுக்கு நேரமாயிரும்" என்றேன்.

குமுளி பஸ்ஸைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாம் ஒரே நாளில் விலகவில்லை. முதலில் வாரத்துக்கு ஒருதரம் வந்தேன். பிறகு மாதத்துக்கு ஒருதரம். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். ஒவ்வொரு தடவையும் அதையே தரை என்று நினைத்துக்கொண்டோம்.

ஆல்டிமீட்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நூலும் கோணமானியும் கட்டி உயரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜோதி


கம்பம்,
28 ஜூன் 2024

ஜோதி,

ஆல்டிமீட்டரை அனுப்பிவிட்டேன். பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். மெதுவாகப் பிரி.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. ஆனாலும் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும்போது மைதீன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, ராக்கெட்டு விட்ட பிள்ள கோயம்புத்தூருக்குப் போயிருச்சு. நீ என்னமோ இன்னும் பந்தலுக்குக் கீழயே குனிஞ்சு நிக்கிற?" கத்தரியில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்வதைக் கவனி. குழாயில் காற்றுத் துளை மூன்று போடு. மூன்றும் ஒரே அளவு, சுற்றிலும் சம இடைவெளி, மூக்குக்கூம்பிலிருந்து நன்றாகத் தள்ளி. ஒன்றே போதும் என்று நான் சொல்லி நாம் பட்டது நினைவிருக்கிறதா? அந்த ஆடிக் காற்று ஒற்றைத் துளையில் மோதி மோதி விலக, இது தரையில் நின்றபடியே பறந்து முடித்துவிட்டதாக நினைத்துப் பாராசூட்டைத் தள்ளிவிட்டது. அது ஒரு கிடாய் மேல் போய் விழ, வயலில் கிடை போட்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. ஆட்டுக்காரர் அம்மாவாசி கம்போடு வந்தார்: "ஏலே, மேல போகும்னுதானே சொன்னீக? எங் கெடாய்க்கு எதுக்குடா குடை புடிக்கிறீக?" நீ சிரித்த சிரிப்பில் அவருக்கே கோபம் போய்விட்டது.

துளை ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது, உப்புத்தாள் வைத்துத் தேய். சென்சார் மேல் வெயில் நேராக விழாமல் பார். பேட்டரியை டேப் சுற்றி இறுக்கு, புறப்படும் வேகத்தில் கழன்றுவிடும். ராக்கெட்டை ஏவுகம்பியில் நிறுத்திய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டு மூக்குக்கூம்பைத் திணித்தால், உள்ளே காற்று அமுங்கி அது குழம்பிவிடும்.

சுவிட்சைப் போட்டதும் பழைய எண்ணைச் சொல்லும். கடைசியாக ஒருதரம் நீ கேட்டுக்கொள். பிறகு விடு.

வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்னும் வரவில்லை.

விஜயராஜ்


கோயம்புத்தூர்,
9 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பறந்துவிட்டது.

துளை மூன்று. உப்புத்தாள் போட்டேன். ஏவுகம்பியில் நிறுத்திய பிறகே சுவிட்சைப் போட்டேன். நாலு, ஒன்று, இரண்டு. "என்ன மேடம், பறக்குறதுக்கு முன்னாடியே உயரம் சொல்லுது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அது வேற ஊர் உயரம்" என்றேன். சீக்கிரம் விடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

நேராகப் போனது. உச்சியில் பாராசூட் விரிந்தது. காற்று இழுத்துப் போய்ச் சோளக்காட்டுக்குள் போட்டது. எல்லோரும் ஒரு பக்கம் தேட, நான் பீப் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் போய் எடுத்தேன். தட்டைகளுக்கு நடுவே குனிந்து எண்ணினேன்.

எத்தனை என்று எழுத மாட்டேன். ஆல்டிமீட்டரைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். சொன்ன வார்த்தையை மீறுகிறேன்தான். பேட்டரியைக் கழற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். புது எண்ணைக் கேட்க வேண்டுமானால் நீங்கள் இங்கே வர வேண்டும்.

மாதம் முடிவதற்குள் வரவில்லையென்றால் ஒற்றை அறை போதும் என்று சொல்லிவிடுகிறேன். கோபமில்லை, மச்சான். இடுப்புக்கு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள்,
ஜோதி


கம்பம்,
22 ஜூலை 2024

அன்புள்ள ஜோதிக்கு,

கவாத்தினால் தாமதம் என்று எழுதலாம். அது பொய். எழுதியெழுதிக் கிழித்ததில் நாள் போய்விட்டது.

வருஷம் முழுக்க என்னால் அங்கே இருக்க முடியாது. கவாத்துக்கும் பழ வெட்டுக்கும் இங்கே நிற்க வேண்டும். மிச்ச நாளெல்லாம் வருகிறேன். இதை நம்பிக் குடும்ப வீடு என்று சொல்ல முடியுமானால் சொல். 'நானும் வாரேன்' என்ற அந்த வார்த்தையை அன்றைக்கு வரப்பிலேயே சொல்லியிருக்கலாம். மைதீன் அண்ணனிடம் தோட்டத்தை ஒப்படைத்தபோது, "போப்பா, கொடி எங்கிட்டும் ஓடிறாது" என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன்னிடம் இருக்கும் பேட்டரி பழசு. சத்தம் மங்கினால் எண்ணுவதில் தப்பு வரும். புதுசு வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் வந்து சேரும்வரை சுவிட்சைப் போடாதே.

உன்,
மச்சான்