முன் கண்ணாடியின் வலது பாதி

ஒக்டோபர் 7, செவ்வாய்

சாயந்தரம் இடியோடு மழை. மகள் வினோவுக்கு டியூஷன் விடுகிற நேரம் பார்த்துத்தான் கொட்ட வேண்டுமா.

தென்னக்கும்புர பாலத்துக்கு இந்தப் பக்கம் முன்னால் நின்ற த்ரீவீலில் மோத இருந்தேன். மிதித்த மிதியில் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின் சீட்டிலிருந்து வினோ கத்தியது இன்னும் காதில். த்ரீவீல்காரன் மழையில் இறங்கி வந்து, கண் தெரியாதா என்று சிங்களத்தில் கேட்டான். கண் நன்றாகத் தெரியும். கார்க் கண்ணாடியில்தான் தெரியவில்லை. முழுக்கத் தண்ணீர். எதிரே வருகிற விளக்கு ஒவ்வொன்றுக்கும் மீசை முளைத்தது போல் ஒரு சிலும்பல்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் மகள் அம்மாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் தேவி: "இன்னொரு தடவ இப்புடி நடக்கக் கூடாதுங்க. சாவிய குமார்கிட்ட குடுத்துருங்க. ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்."

சொல்லிட்டாளாம். என்னைக் கேட்காமல்.

குமார், தேவியின் தம்பி. பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினான். இப்போது வேலை இல்லை, ஆகவே என் காரை ஓட்ட வருகிறான். இனி கு. என்று மட்டும் எழுதுவேன். முழுப் பெயர் எழுத மை வீண்.

கார் என்னுடையது. வாங்கியது நான், கழுவுவது நான், குண்டசாலையிலிருந்து கண்டிக்கு நாள் தவறாமல் ஓட்டுவது நான். தேவியிடமும் லைசன்ஸ் இருக்கிறது. அவள் கியர் மாற்றுகிற சத்தம் காதால் கேட்க முடியாது, அதனால் லைசன்ஸ் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

வினோ கத்தியதைப் பற்றி ஒன்று மட்டும்: யாரிடமும் சொல்லவில்லை. பயந்துதான் போனேன்.

ஞாயிறுக்குள் செய்ய வேண்டியது ஒன்றே: கண்ணாடியில் தண்ணீர் நிற்காமல் செய்வது. வைப்பர் ரப்பர் போன மாதம்தான் மாற்றினேன், அதில் குற்றம் இல்லை.


ஒக்டோபர் 8, புதன்

காலை வெயில், பகலுக்குப் பிறகு தூறல். தலையிடி.

கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்கிற ஹார்ட்வெயார் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போனேன். கண்ணாடிக்குப் பூச என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு தட்டு நிறைய இறக்குகிறார். "எல்லாம் நல்ல சாமான்தான் அண்ணே. ஒங்களுக்கு லேசானதா வேணுமா, கன நாள் நிக்கிறதா வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்த்தவை:
- சின்னப் போத்தல். துணியில் ஊற்றி வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும், வெள்ளையாகப் படியும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கன நாள் நிற்குமாம். என் தோள்மூட்டு நிற்காது.
- வைப்பர் தண்ணீர்த் தாங்கியில் ஊற்றுவது. ரொம்ப லேசு. நானாவே முகத்தைச் சுளித்தார்.
- ஈரத்துணி பாக்கெட். ஒரு தரம் துடைத்தால் முடிந்தது. ஒரு மழையோடு அதுவும் முடிந்தது.
- ஸ்பிறே. கழுவிக் காயவைத்த கண்ணாடியில் அடித்து, துடைத்து, விட்டுவிட வேண்டியது. சில கிழமை நிற்கும்.

ஸ்பிறே வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு வேன்காரர் கேட்காமலே, "ஷாம்பு போட்டாலும் ஓடும்" என்றார். உலகத்தில் எல்லோரும் டொக்டர்.

இரவு கு.விடமிருந்து கோல், தேவியின் போனில், ஸ்பீக்கரில். "உருளைக்கெழங்க பாதியா வெட்டி தேய்ங்க மச்சான். நாங்க லொறியில அதுதான் செய்வோம். மூடுபனியிலயே ஓட்டிருக்கேன்." கிழங்கைக் குழம்பில் போடச் சொல் என்றேன். தேவி ஸ்பீக்கரை நிறுத்தினாள்.


ஒக்டோபர் 10, வெள்ளி

அரை நாள் லீவு. நல்ல வெயில், அதனால் காரை நிழலுக்குத் தள்ளினேன். சூடான கண்ணாடியில் அடிக்கக் கூடாது என்று போத்தலில் போட்டிருக்கிறது.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி, பழைய சாரத் துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி துடைத்தேன். பிறகு கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழே டேப் ஒட்டினேன். வலது பாதிக்கு, அதாவது நான் ஓட்டுகிற பக்கத்துக்கு, மட்டும் ஸ்பிறே. இடது பாதி வெறும் கண்ணாடி. கடையில் புதிய பெயின்ட் எது வந்தாலும் நான் பலகையில் பாதிக்கு அது, பாதிக்குப் பழையது என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விற்க றாக்கையில் ஏற்றுவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஞாயிறு அன்று கு.வை உட்கார வைத்து இரண்டு பாதியையும் காட்டி, பார், கண்ணாடிதான் பிழை, இப்போது திருத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், சாமி கும்பிட்டு முடித்த தேவி கற்பூரத் தட்டோடு காருக்கு முன்னால். கண்ணாடியில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். எந்தப் பாதியில்? வலது பாதியில். சந்தனம் தண்ணீராய் வழிகிறது.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"கார் வந்த நாள்ல இருந்து வெள்ளிக்கெழம வைக்கிறதுதானேங்க. வேற எங்க வைக்கச் சொல்றீங்க, டயர்லயா?"

"இன்னைக்கு வைக்காட்டி சாமி கோவிச்சுக்குமா?"

"சாமி கோவிக்காது. நீங்கதான் நாலு நாளா எல்லாரோடயும் கோவிக்கிறீங்க."

மறுபடி கழுவினேன். மறுபடி காயவிட்டேன். மறுபடி அடித்தேன். இருட்டும்வரை. அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி படியிலேயே ஆறியது.


ஒக்டோபர் 11, சனி

இரண்டு மணிக்கே மழை. முதல் முறையாக மழைக்குச் சந்தோஷப்பட்டேன்.

வினோவைக் கூட்டிவரக் கண்டிக்கு. தேவியும் வந்தாள், இடது சீட்டில். காவலுக்கு வருகிறாள் என்று தெரியாதா எனக்கு.

ஸ்பிறே வேலை செய்கிறது. வலது பாதியில் தண்ணீர் பரவவில்லை, முத்து முத்தாய்ச் சேர்கிறது. வேகமாக ஓடினால் அந்த முத்துகள் காற்றில் மேலே பறந்து போகுமாம். கண்டி நெரிசலில் யார் வேகமாக ஓடுவது? ஆமை நடையில் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. இதை நானா சொல்லவில்லை. விற்றால் போதும் அவருக்கு. வைப்பரைப் போட்டேன், சுத்தமாய் வழித்தது. வழித்த பிறகும் விளக்குகளுக்கு அதே மீசை.

பக்கத்தில் தேவி, ஒன்றும் பூசாத பாதியால் பார்த்து, "அந்தா, பன்வில பஸ் போகுது" என்கிறாள். பஸ் எனக்கும் தெரிந்தது. அதில் பெயர்ப் பலகை இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஆக, ஸ்பிறேதான் என் பாதியைக் கெடுத்திருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். பெற்றோல் செட் ஓரமாக நிறுத்தினேன்.

"எறங்கு. இங்க வந்து ஒக்காரு."

"மழையிலயா?"

மழையில்தான். இடம் மாறினோம். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால், நான் இடது பக்கம். வெறும் பாதி வழியாகப் பார்த்தேன். மீசை. அதே நீளம், அதே சிலும்பல்.

"ஒனக்கு எப்புடி?"

"நல்லாத்தானே தெரியுது. இந்தப் பக்கம் இன்னும் பளிச்சுனு இருக்குங்க." பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஏங்க, எதிர்க் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, வாசித்துக் காட்ட? இறங்கு என்றேன். உடனே இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் கொஞ்ச நேரம் இருந்தன.

முடிவு: இரண்டு பாதியும் சரியில்லை. கண்ணாடியே பழசு, கீறல் விழுந்தது, முழுதாக மாற்ற வேண்டும். தேவி தம்பிக்காகப் பேசுகிறாள்.

வீட்டுக்கு மெதுவாக ஓட்டினேன். பின்னால் ஹோன் அடித்துக்கொண்டே வந்தார்கள். அடிக்கட்டும்.


ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை இல்லை. மேகமும் இல்லை.

கு. வந்தான். தோளில் ஒரு பேக், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தங்கப் போகிறவனின் பேக். காரைச் சுற்றி வந்தான், கண்ணாடியை விரலால் தட்டினான். "பளிச்சுனு இருக்கே மச்சான். ஒரு கீறல் இல்ல. பெறகு என்ன கொற?"

வெயிலில் நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். கீறல் இல்லைதான். எழுதி வைக்கிறேன், அவனிடம் சொல்லவில்லை.

பகல் சாப்பாட்டில் கு. இடது கையை மேசையில் நீட்டி வைத்திருந்தான், சாவி அதில் வந்து விழும் என்பது போல. என் சட்டைப் பையில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. இவர்கள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்போது வினோ தட்டைப் பார்த்தபடி, "அப்பா, இனிமே நான் பஸ்லயே போய் வர்றேன். பரவால்ல" என்றாள்.

கு. என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்பது பதில் இருந்தது. ஆனால் பேசியது கு. இல்லை. என் பிள்ளை என் காரில் ஏறப் பயப்படுகிறாள்.

அவள் பஸ்ஸில் வகுப்புக்குப் போனாள். நான் அலுமாரியைத் திறந்து தேவியின் லைசன்ஸை எடுத்தேன். அதையும் சாவியையும் அவள் கையில் வைத்தேன். புதுக் கண்ணாடி போடும்வரை மட்டும் என்றேன். கு.வின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கிழமையில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

இருட்டத் தொடங்கும்போது வினோவைக் கூட்டிவரக் கிளம்பினோம். கு. பின் சீட்டில். நான் இடது பக்கம். வாசலிலேயே கியர் கிறீச்சிட்டது. கிளச்சை முழுசா மிதி என்றேன். "மிதிக்கிறேங்க" என்றாள். மெதுவாகத்தான் ஓட்டினாள். அவ்வளவு மோசமில்லை.

பாலத்தை நெருங்கும்போது எதிரே வரிசையாக வாகனங்கள். விளக்கு எல்லாவற்றுக்கும் மீசை.

வைப்பரைப் போடு என்றேன்.

"மழையே இல்லீங்களே" என்றாள்.