நாற்பதோடு நின்ற நீர்வேலிப் பட்டியல்

3-2-1988, புதன்

அரியாலைப் பட்டியல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. போன மாதம் இதே பட்டியலுக்கு ஒன்றரை நாள் எடுத்தது.

எங்கள் நிவாரண அலுவலகக் கொம்பியூட்டரில் கிராமத்துக்கு ஒரு தாள், குடும்பத்துக்கு ஒரு வரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வரிகள் எல்லாம் விநியோகத் தாளுக்குப் போகவேண்டும். அதை அச்சிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடைகளுக்கு அனுப்புவோம். அதில் வரி இல்லாத வீட்டுக்குக் கோதுமை மா இல்லை, அரிசி இல்லை. இவ்வளவு நாளும் சிவக்கொழுந்து அக்கா வாசிக்க நான் அடித்தேன். கொம்பியூட்டருக்குள் ஏற்கெனவே இருப்பதை அதற்கே திரும்ப வாசித்துக் காட்டும் வேலை!

இனி இல்லை. நான் அழுத்தும் விசைகளை ஒரு ஓரத்தில் வரிசையாக எழுதி வைத்தால், கொம்பியூட்டர் தானே அவற்றை அழுத்திக்கொள்கிறது. கூட வந்த புத்தகத்தில் அதற்குப் பெயர் மக்ரோ. விளங்க ஐந்து வாரம் எடுத்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பொறுப்பாளர் பஞ்சலிங்கம் சேர் திரையைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிள்ளை, வேலையெண்டால் கண்ணும் கையும் படவேணும். உது மாயவித்தை."

"விடுங்கோ சேர், என்ரை தொண்டையாவது தப்பட்டும்" என்றார் அக்கா.

8-2-1988, திங்கள்

நீர்வேலி, ஐந்து நிமிடம். அச்சிட்டு அனுப்பியாயிற்று. தேத்தண்ணி ஆறக்கூட இல்லை.

11-2-1988, வியாழன்

காலை பத்து மணிக்கு, நீர்வேலிக் குடும்பங்களைப் பதிந்து தரும் கிராம அலுவலர், விதானையார் முத்துக்குமாரு வந்தார். வாசலில் சைக்கிளைப் போட்ட சத்தத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது.

"நூற்றுப் பதினெட்டுக் குடும்பம் தந்தனான். உங்கடை பட்டியலிலை நாப்பது! எழுபத்தெட்டுச் சனம் உரப்பையோடை போய் வெறுங்கையோடை திரும்பியிருக்கு. மிச்சப் பேரைக் கொம்பியூட்டர் திண்டிட்டுதோ?"

பஞ்சலிங்கம் சேர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் சொன்னனான்தானே. வாசிக்கப் பஞ்சி, அடிக்கப் பஞ்சி. புத்தகம் படிச்ச பிள்ளையின்ரை சோம்பல்." கொம்பியூட்டர் அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிழை என்னுடையது. கடைசி வரியை எண்ணிப் பார்க்காமல் அனுப்பினேன். ஆனால் சோம்பல்? ஐந்து வாரம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுதும் அந்தப் புத்தகத்தோடு இருந்தவள் நான்.

ஏன் சரியாக நாற்பது?

12-2-1988, வெள்ளி

கண்டுபிடித்தேன். விதானையார் எழுதித் தந்த தாளில், நாற்பத்தோராம் வரியில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. என் மக்ரோ அந்த நிரல் வழியேதான் கீழே இறங்குகிறது. வெறுங்கட்டத்தைக் கண்டதும் பட்டியல் முடிந்துவிட்டது என்று நின்றுவிட்டது. அரியாலையில் அப்படி ஒரு கட்டமும் இல்லை. அதனால்தான் அது தப்பியது.

விதானையாரைக் கேட்டேன். "அது பூரணத்தின்ரை வீடு, பிள்ளை. மனுசன் ஐப்பசிச் சண்டைக்குள்ளை வாழைக்குலை ஏத்திக்கொண்டு போனவர், இன்னும் ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார் எண்டு எழுதவோ, இல்லை எண்டு எழுதவோ? விட்டிட்டன். அப்பிடி ஆறு வீடு."

அவர் மட்டுமா? வெறுங்கட்டம் வந்தால் அக்கா ஒரு கணம் நிறுத்தி 'ம்' என்பார். நான் அதைத் தாண்டி அடுத்ததை அடிப்பேன். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அந்த 'ம்'மை நான் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு வழி சுலபமாக இருந்தது. "மனிசிமாரின்ரை பேரைப் போட்டு, பக்கத்திலை விதவை எண்டு அடியும்."

"அவை விதவையெண்டு ஆர் சேர் சொன்னது?"

"அப்ப அந்த ஆறு வரியையும் வெட்டும். இனி வெறுங்கட்டத்தோடை ஒரு பட்டியலும் இஞ்சையிருந்து போகாது."

"நான் செய்யமாட்டன்." சொல்லிவிட்டேன்.

"நீர் இல்லாட்டிச் சிவக்கொழுந்து செய்வா."

அக்கா தலை நிமிரவில்லை. "எனக்கு உந்த விசையொண்டும் பிடிபடாது, சேர்."

எல்லா விசையும் அக்காவுக்குத் தெரியும்!

13-2-1988, சனி

எழுபத்திரண்டு குடும்பத்துக்கும் தட்டச்சில் தனிப் பட்டியல் அடித்து அனுப்பினோம். அந்த ஆறு வீடு இல்லை.

14-2-1988, ஞாயிறு

நீர்வேலிக்குச் சைக்கிளில் போனேன். மன்னிப்புக் கேட்பது ஒன்று. அந்தக் கட்டத்தைப் பற்றி அதற்குரியவரையே கேட்பது மற்றது.

பூரணத்துக்கு முப்பது வயதுகூட இராது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்றேன்.

"மரவள்ளி அவிச்சுத் திண்டம். ஒருத்தரும் சாகேல்லை" என்றார்.

சேர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். துணியைப் பிழிந்த கை நின்றது.

"அப்பிடி எழுதினால் மா தருவினமோ?"

"ஓம், தருவினம்."

"அப்ப எனக்கு வேண்டாம். பொட்டோடை நிக்கிறன், என்னைப் பாத்துக்கொண்டு உங்கடை மெசினிலை விதவையெண்டு அடிப்பியளோ? அடியுங்கோ பாப்பம்."

"அடிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொல்லிப்போட்டு வந்தால் காணுமோ? அந்த மெசினை மாத்துங்கோ."

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான். ஆறு பெண்களை மாற்றுவது சுலபம் என்று நினைக்கிறார்கள், ஒரு ஓரத்தில் நான் எழுதிய நாலு விசையை மாற்றுவது கஷ்டமாம்! தலைவர் நிரலில் ஏன் இறங்கவேண்டும்? நிவாரண அட்டை இலக்கம் இருக்கிறதே — எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. அதன் வழியே இறங்கட்டும்.

சதுரக்கட்டக் கொப்பியில் புதிதாக எழுதி, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நடந்து பார்த்தேன். நாற்பத்தொன்றில் விரல் நிற்கவில்லை. முடிவில் வரிகளை எண்ணிச் சொல்லவும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

15-2-1988, திங்கள்

திறப்புக் கேட்டேன். தரவில்லை. நாளைக்கும் கேட்பேன்.

17-2-1988, புதன்

பட்டியல்களைக் கொண்டுபோகும் லொறி வெள்ளிக்கிழமை. பதினேழு கிராமம். அக்கா வாசிக்க வாசிக்க, தட்டச்சில் மூன்று கிராமம் முடித்திருக்கிறோம்.

மத்தியானம் சேர் வந்து திறப்பை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உது இனி நடுவிலை நிக்காது எண்டு எழுதித் தருவீரோ?"

"தாறன்."

"அந்த ஆறு வரி?"

"வெறுங்கட்டத்தோடை போகும், சேர். இல்லையெண்டால் திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும்."

இதை நான்தானா சொன்னேன்? அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. சேர் நின்றார், யன்னலால் றோட்டைப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார். திறப்பு மேசையில்தான் இருந்தது.

நீர்வேலி: நூற்றுப் பதினெட்டு. அச்சிட்டதை அவர் மேசையில் வைத்தேன். விரலை வைத்து முதலிலிருந்து கடைசிவரை தானே எண்ணினார். ஆறு இடத்தில் விரல் தயங்கியது.

"உரும்பிராய்ப் பட்டியல் எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

19-2-1988, வெள்ளி

பதினேழும் லொறியில்.

29-3-1988, செவ்வாய்

கொழும்புத் தலைமையகத்திலிருந்து கடிதம். எங்கள் பட்டியல்களில் நாற்பத்து மூன்று வரிகளில் குடும்பத் தலைவர் பெயர் இல்லையாம். உடனே நிரப்ப வேண்டும், அல்லது நீக்க வேண்டும்.

சேர் கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். சொல்லவேண்டியதை நடந்துகொண்டே அடுக்கி வைத்திருந்தேன். அவர் தட்டச்சு இயந்திரத்தைக் காட்டினார்.

"கடிதம் ஒண்டு. அடியும். 'மேற்படி கட்டங்கள் தவறுதலாக விடப்பட்டவை அல்ல.' அடிச்சாச்சோ?"

"ஓம், சேர்."

"'உரியவர்கள் பற்றிய செய்தி கிடைக்கும்வரை அவை அப்படியே இருக்கும். அட்டை இலக்கம் போதுமானது.'"

அடித்தேன். தாளை உருவ முன் கேட்டேன், "தயவுசெய்து எண்டு எங்கையாவது போடவோ, சேர்?"

"வேண்டாம்" என்று சொல்லிப் பேனையை எடுத்தார்.