எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்

மார்ச் 3, திங்கள்

காலை ஆறு மணி வகுப்புக்குப் பதினான்கு பேர். ஒருத்தருக்கும் தூக்கம் கலையவில்லை, எனக்கும்தான். பலகையில் வழக்கம்போல மூன்று வரி எழுதினேன்.

முதல் வரி, தெம்பு உள்ளவர்களுக்கு: அறுபது கிலோ இரும்பு பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், பிறகு சுவரில் கால் சாய்த்துத் தலைகீழ் தண்டால். இரண்டாவது: நாற்பது கிலோ, கால் மரப்பெட்டிமேல், கை தரையில், இடுப்பு கூரையைப் பார்க்கத் தண்டால். மூன்றாவது: வெறும் பார், முழங்கால் ஊன்றித் தண்டால். எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான், மூச்சு வாங்குவதும் ஒன்றுதான். பதினோரு வருடமாக இந்த ஜிம்மில் என் வேலை இதுதான் – யாருக்கு எந்த வரி என்று பார்ப்பது. கத்தி விரட்டுவதற்கு ஆள் எங்கேயும் கிடைப்பார்கள்.

லைப்ரரியம்மா வந்தவுடன் நோட்டைப் பிரித்துப் பலகையை எழுதிக்கொண்டார். கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடமாக இருப்பவர். எதையும் எழுதி வைக்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வயது ஐம்பத்திரண்டு. எட்டு மாதம் முன்பு வந்தபோது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்க வரவில்லை. இப்போது இரண்டாவது வரியை ஒழுங்காக முடிக்கிறார்.

"சுவர் எப்போ கோச்?"

"நான் சொல்றப்போ."

"சொல்ல மறந்துடாதீங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்."

சிரித்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு என்னைச் சிரிக்க வைக்கும் ஒரே ஆள்.

மார்ச் 5, புதன்

கொழுந்தன் வந்தான். ஜிம் அவன் பெயரில் இருக்கிறது. அண்ணி என்று கூப்பிடுவான், முதலாளியாகப் பேசுவான். திங்கட்கிழமை விளம்பரத்துக்குப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்களாம்.

"அண்ணி, அன்னிக்கு மட்டும் போர்டுல ஒரே வரி போதும். மூணு வரி எழுதினா டியூஷன் சென்டர் மாதிரி இருக்கு."

"முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"வாயால சொல்லிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

டியூஷன் சென்டராம்! இவன் வாழ்க்கையில் ஓர் ஆளையாவது பத்திரமாகத் தலைகீழாக நிற்க வைத்திருப்பானா? ஒருத்தி தோளைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போவதற்கு அந்தப் பலகையில் என்னென்ன இருக்கிறது என்று இவனுக்குத் தெரியுமா? வீட்டில் அவரிடம் பொரிந்து தள்ளினேன். "ஒருநாள் கூத்துதானே, விடேன்" என்றார். தம்பி பேச்சு என்றால் இவருக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

மார்ச் 7, வெள்ளி

இன்னும் ஆறவில்லை. ஒரே வரிதானே கேட்டான்? அதையே எழுதிவிடுகிறேன். பார்க்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒரே வரி எழுதினேன். அறுபது கிலோ, தலைகீழ் தண்டால். மூன்று சுற்று: இருபத்தொன்று, பதினைந்து, ஒன்பது தடவை. கீழே பாதிப் பலகை வெள்ளையாகக் கிடந்தது. வாயாலும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் முழித்தார்கள். இரண்டு பேர் தாமாகவே பெட்டியை இழுத்துக்கொண்டார்கள், சிலர் எடையைக் கழற்றினார்கள். குழப்பத்தைப் பார்த்து உள்ளுக்குள் – சொல்லவே கூசுகிறது – சந்தோஷமாகத்தான் இருந்தது. கொழுந்தன் கேமராவுக்குப் பின்னால் நின்று கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

லைப்ரரியம்மா பலகையை நெடுநேரம் பார்த்தார். எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். மூலையில் எடைப் பிளேட்டுகளை அடுக்கும் வேலை எனக்கு அப்போது ரொம்ப அவசரமாகிவிட்டது.

அறுபது கிலோவை இருபத்தொரு தடவை தூக்கியிருக்கிறார். அந்தக் களைப்போடு சுவருக்குப் போயிருக்கிறார். முதல் தண்டால் சரியாக வந்ததாம், பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இரண்டாவதில் வலது கை மடிந்துவிட்டது. நான் கேட்டது சத்தத்தை மட்டும். நல்லவேளை, தலை மெத்தையில் பட்டது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது.

வண்டியில் ஏற்றும்போது, "சாரி கோச்" என்றார். என்கிட்ட போய் சாரி கேக்கறார். என்கிட்ட!

மார்ச் 11, செவ்வாய்

கொழுந்தன் கேட்டான்: "வாயால சொன்னீங்கதானே அண்ணி?" சொன்னேன் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

போனில் பேசினேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"என் பேராசைதான் கோச். வயசுக்கேத்த மாதிரி இருந்திருக்கணும். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். பல் தேய்ப்பதிலிருந்து எல்லாம் இடது கையால். தங்கை வந்து தலை வாரி விடுகிறாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றேன். அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

விளம்பரம் வந்துவிட்டது. விழுந்ததை வெட்டிவிட்டார்கள். நான் பன்னிரண்டு நொடி வருகிறேன். பன்னிரண்டும் முதுகு.

மார்ச் 20, வியாழன்

கொழுந்தனே வந்து சொன்னான். "இனிமே மூணு வரியும் இருக்கட்டும் அண்ணி. நீங்க சொன்னதுதான் சரி. வாயால சொல்லியும் அந்தம்மா கேக்கலையே."

நான்தான் ஜெயித்தேன். இதற்குத்தானே இத்தனை கோபப்பட்டேன்? பலகையில் மூன்று வரியும் எழுதி முடித்தேன். இரண்டாவது வரியை எழுதிக்கொள்ள நோட்டோடு யாரும் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஜிம் அலமாரியைத் துடைத்தபோது லைப்ரரியம்மாவின் நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை, நூலகப் புத்தகம் மாதிரி முதுகில் எண் ஒட்டியிருக்கிறார். பதினாலு நாளாக அதைப் பார்க்காத மாதிரியே நடந்துகொண்டிருந்தேன். இன்று பிரித்துவிட்டேன்.

எட்டு மாதமும் இருக்கிறது. தேதி, மூன்று வரி, தான் செய்தது எது, நான் என்ன சொன்னேன். "மேசை உயரத்தில் கை வைத்துத் தண்டால். கோச்: முழங்கையை விரிக்காதீர்கள்." "துடைப்பக் குச்சியை வைத்து டெட்லிஃப்ட் பழகினேன். துடைப்பத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டேன், முறைத்தார்." "இன்று பெட்டிமேல் கால். கோச் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சந்தோஷமாக இருக்கிறது." நானே மறந்துபோனதெல்லாம் அதில் இருக்கிறது. நான் எந்த நாள் தும்மினேன் என்று மட்டும்தான் இல்லை.

கடைசிப் பக்கம், மார்ச் 10. கை உடைவதற்குப் பத்து நிமிடம் முன்பு எழுதியது:

"இன்று ஒரே வரி. எனக்கென்று வேறு எதுவும் எழுதவில்லை. திரும்பிப் பார்த்தேன், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவர் இன்றுதான் போலிருக்கிறது. என்னால் முடியும் என்று நினைக்கிறார்."

அவர் பேராசைப்படவே இல்லை. நான் சொன்னேன் என்று நினைத்திருக்கிறார். நான் சொல்றப்போ, நான் சொல்றப்போன்னு எட்டு மாசம் நிறுத்தி வெச்சது நான்தானே? வெள்ளையாக் கிடந்த பலகையை அவர் வேற எப்படிப் படிப்பார்?

மார்ச் 26, புதன்

நோட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு இடது கையால் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். முத்திரை எல்லாம் கோணலாக விழுந்திருந்தது.

"வாங்க கோச், உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். கொழுந்தன்மேல் கோபம், அதனால்தான் எழுதவில்லை, அவன் வாயால் சொல்லச் சொன்னான், நான்தான் சொல்லவில்லை, சொன்னதாகப் பொய்யும் சொன்னேன். எல்லாவற்றையும்.

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். கைக்காகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"அப்போ அன்னிக்கு என்னால முடியும்னு நீங்க நினைக்கலையா?"

"இல்லை."

"என்னை நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். நீங்க என்னைப் பாத்ததையும் பாத்தேன்."

நோட்டை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மறுபடி முத்திரையை எடுத்தார். "சரி கோச். கிளாசுக்கு நேரமாகுது, போங்க" என்றார். பதினொரு மணிக்கு எனக்கு எந்த வகுப்பும் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

கொழுந்தனிடமும் உண்மையைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "மனசு கஷ்டத்துல பேசறீங்க அண்ணி. நீங்க சொல்லாம இருப்பீங்களா?" என்றான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பாராட்டுகிறான். இந்த நேரம் பார்த்து!

ஏப்ரல் 14, திங்கள்

பலகையில் நாலாவது வரி எழுதினேன்: ஒரு கைக்கு. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண் குரல். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஜிம்மின் பயிற்சியாளராம். கட்டுப் பிரித்து வந்த ஒருவரைச் சேர்த்திருக்கிறாராம், ஐம்பத்திரண்டு வயது.

"எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பழைய பயிற்சி நோட்டு ஏதாவது இருக்கான்னு கேட்டேன். தொலைச்சிட்டேன்னு சொல்றாங்க. பழைய இடத்துல கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னு நம்பர் குடுத்தாங்க."

எதையும் தொலைக்கிற ஆளா அவர்? முதுகில் எண் ஒட்டிய நோட்டையா?

எழுதி அனுப்புகிறேன் என்றேன். சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். துடைப்பக் குச்சியிலிருந்து ஆரம்பித்தேன். மேசை உயரம், பிறகு நாற்காலி உயரம், பிறகு தரை. வலது மணிக்கட்டுக்கு மடித்த துண்டு வைக்க வேண்டும். பார் எத்தனை கிலோ எந்த வாரம். இடது முழங்கை விரியும், சொன்னால் உடனே சரிசெய்துகொள்வார். பெட்டிமேல் கால் வைக்க அவசரப்படுவார், இரண்டு வாரம் நிறுத்தி வைக்கவும். சுவர், குறைந்தது ஒரு வருடம் கழித்து. மூன்று பக்கம் வந்தது. மூன்று வரி எழுதாதவளுக்கு மூன்று பக்கம். வேண்டியதுதான்.

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். பெயர் போடவில்லை; என் கையெழுத்து லைப்ரரியம்மாவுக்குத் தெரியும். கடைசியாக இதையும் எழுதியிருந்தேன்:

"ஒவ்வொரு புதுப் படிக்கு முன்னாலும் திரும்பி உங்களைப் பார்ப்பார். அப்போது நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்."