நான்கு நிறக் குருவி

இன்று காலை பிரின்டரிலிருந்து டிரேசிங் தாள் சூடாக வெளியே வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது, மச்சான். நீ கண்ணை மூடி ஒரு வருடம் முடிகிறது. இருந்திருந்தால், "என்னடா வாசம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், வேலையைப் பார்" என்று விரட்டியிருப்பாய்.

கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவையில் நாம் இருவரும் சேர்ந்து டீசேர்ட் அச்சடிக்கும் கடை போட்டபோது யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக்காரன், நீ யாழ்ப்பாணத்தான். ஒரு படத்தில் நான்கு நிறம் இருந்தால் அச்சடிக்க நிறத்துக்கு ஒன்றாக, ஒளி ஊடுருவும் நான்கு பிலிம் தாள் வேண்டும். கொழும்பில்தான் நிறங்களைப் பிரித்து அந்தப் பிலிமை எடுத்துக் கொடுப்பார்கள். கொழும்பு உனக்குப் பழகிய இடம் என்பதால் போய்வருவது உன் பொறுப்பாக இருந்தது.

ஒருமுறை போன நீ அன்றைக்குத் திரும்பவில்லை. சோதனைச் சாவடியில் உன் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தார்களாம். பிறகு பையிலிருந்த பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதற்காக மூலைகளில் வட்டமும் சிலுவையுமாக அடையாளம் போட்டிருக்குமே, அது அவர்கள் கண்ணுக்குத் துப்பாக்கியால் குறி பார்ப்பது போலத் தெரிந்திருக்கிறது. எதைக் குறி வைக்கிறாய் என்று கேட்டுக் கேட்டே மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வந்ததும் முகம்கூடக் கழுவாமல் சொன்னாய்: "இனி நான் கொழும்புக்குப் போகமாட்டன். கடையை மூடினாலும் சரி."

எனக்கோ உன்னைப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை, கடையை மூடவும் மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு நான்கு நிறக் குருவி போட்ட டீசேர்ட் கேட்டிருந்தார்கள்.

கணினிச் சஞ்சிகையோடு வந்த குறுந்தட்டில் படம் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். படத்தில் மஞ்சளை மட்டும் தெரிவு செய்து தனி அடுக்கில் போட்டு, அதைக் கறுப்பாக்கி, டிரேசிங் தாளில் எடுத்தோம். அப்படியே சிவப்பு, பச்சை, கறுப்பு. பிலிமே தேவையில்லை என்று நான் துள்ளினேன். ஒவ்வொரு தாளையும் வைத்து மை இழுக்கும் வலைச் சட்டம் ஒவ்வொன்று செய்து அச்சடித்துப் பார்த்தால், ஐயோ, குருவியின் சொண்டு முகத்தை விட்டுத் தள்ளி நின்றது!

"நீ சட்டத்த ஒழுங்கா பூட்டல" என்றேன்.

"போடா விசரா, சட்டம் அசையேல்லை. உன்ர அடுக்கிலதான் பிழை."

ஒரு பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் நீதான் நான்கு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பார்த்தாய். மூலைகளில் நாம் போட்டிருந்த சிலுவைகள் மேலே பொருந்தின, கீழே விலகி நின்றன. பிரின்டரின் சூட்டில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கியிருந்தது. "முதல்ல வெறுந்தாளைப் பிரின்டருக்குள்ள ஒருக்கா ஓடவிடுவம். சுருங்கிறதெல்லாம் சுருங்கட்டும், பிறகு அடிப்பம்" என்றாய்.

அப்படியே செய்தோம். நான்கு தாள்களின் சிலுவைகளும் ஒரே சிலுவையாக நின்றன. கடைசி நிறத்தை இழுத்துச் சட்டத்தைத் தூக்கினால், சொண்டு முகத்திலேயே இருந்தது! "செஞ்சிட்டோம்டா!" என்று உன்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். என் கையிலிருந்த பச்சை மை உன் முதுகெல்லாம் அப்பிவிட்டது.

போட்டியன்று மைதானத்தில் பிள்ளைகள் குருவியோடு அணிவகுத்து வந்தார்கள். "கொழும்புல அடிச்சீங்களா? ரொம்ப நல்லா இருக்கே" என்று பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா கேட்டார்.

நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லை டீச்சர், கடுகண்ணாவையில. நிறமும் நாங்களே பிரிச்சனாங்கள்" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு கண்டியிலிருந்து தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எத்தனையோ அச்சுக்காரர்கள் நிறம் பிரிக்க உன்னைத் தேடி வந்தார்கள். பிலிமுக்காக நீ மறுபடி ஒரு நாளும் அந்தச் சாவடியைத் தாண்டவில்லை. நாம் ஜெயித்தோம், மச்சான். இன்றைக்கும் யாராவது படத்தோடு வந்து, "இதுக்கு கொழும்புக்குத்தான் போகணுமோ?" என்று தயங்கினால் என் வாய் தானாகச் சொல்கிறது:

"எதுக்குங்க போகணும்? உட்காருங்க, இங்கேயே பிரிப்போம்."