திரும்பி வராதவர்களின் நாடகம்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

சனிக்கிழமை உன் நாடகத்தைத் திரும்பப் போடுகிறோம். அதே சுகர் லேண்ட் பள்ளிக்கூட ஆடிட்டோரியம்தான். நீ பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டாய், டைரக்‌ஷன் என் தலையில் விழுந்திருக்கிறது.

சென்னையில் நீ எடுத்த இரண்டு படங்களிலும் ஆள் போன பிறகும் கேமரா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "கேமராமேன் தூங்கிட்டாரா சார்?" என்று கேட்ட தயாரிப்பாளரோடு சண்டை போட்டாய். மூன்றாவது படம் வரவேயில்லை. இங்கே அமெரிக்கா வந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, வாரக்கடைசியில் நாடகம் போட்டாய். அதிலும் அதே கிறுக்கு.

2001-ல் நீ எழுதிய இந்த நாடகத்தில் ஓர் ஆபீஸ். ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடப்பட்டவர் மேடையின் இடது பக்கமாக வெளியே போவார், திரும்ப மாட்டார். முடிவில் வணக்கம் சொல்லவும் வரக்கூடாது, மேக்கப்போடு நேரே காரில் ஏறிப் போய்விட வேண்டும் என்பது உன் சட்டம். காலி மேடையில் விளக்கு மட்டும் எரியும். கைதட்டுவதா, எழுந்து போவதா என்று தெரியாமல் ஜனம் விழிக்கும். பூங்கொத்தோடு வந்த ஒரு ஆன்ட்டி, "என் பொண்ணை எங்கப்பா அனுப்பிச்சே?" என்று உன்னைப் பிடித்து உலுக்கினாரே! நீ சிரித்தாய். "அந்த பயத்தோட வீட்டுக்குப் போகணும், அதுக்குத்தான் நாடகம்" என்றாய்.

இப்போது அந்தப் பயத்தை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, அண்ணா. எல்லா கம்பெனியிலும் ஆட்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒத்திகையில் ஒரு செல்போன் அடித்தால் எல்லோரும் வசனத்தை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார்கள். மேனேஜர் வேஷம் போட்டவர் வேலை போய், குடும்பத்தோடு ஊருக்கே கிளம்பிவிட்டார். அவர் நாற்காலியை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்திருக்கும்.

கடைசியாகக் கூப்பிடப்படுபவர் என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை முரளி. ஞாயிறு மத்தியான ஒத்திகையில் இடது பக்கம் போனவர், உன் சட்டப்படி காரில் ஏறிவிட்டார். நானும் மகள் நித்யாவும் இன்னொரு காரில் வீட்டுக்கு வந்தால், அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "அப்பா இஸ் நாட் பிக்கிங் அப், அம்மா" என்று பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். "ஃப்ரைடேவே வேலையை விட்டு அனுப்பிச்சிட்டாங்க உமா. உன்கிட்ட சொல்ல வாய் வரல. விசாவும் போயிடும். ஃப்ரீவேல டிரைவ் பண்ணிட்டே இருந்தேன். பிரிட்ஜ் மேல ஏறினப்போ, ஸ்டீயரிங்கைத் திருப்பிடலாமான்னு ஒரு செகண்ட் தோணிடுச்சு" என்றார்.

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாடகமே வேண்டாம் என்றேன். "அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்காதே" என்கிறார். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கார் சாவி என் கைப்பையில் இருக்கிறது. ஆனாலும் அவர் வாசல் பக்கம் நகர்ந்தாலே நானும் எழுந்து பின்னாலேயே போகிறேன்.

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாயே அண்ணா, போனவர் என்ன ஆனார் என்று ஒரு தடவையாவது எழுந்து போய்ப் பார்த்தாயா?

சனிக்கிழமை உன் வசனத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் இடது பக்கத் திரைக்குப் பின்னால் நான் நிற்பேன். வெளியே வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்தி வைப்பேன். முரளி வந்ததும் அத்தனை பேரையும் வெளிச்சத்துக்கு இழுத்து வருவேன், ஜனம் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். உன் நாடகம் கெட்டால் கெடட்டும். இது சத்தியம்.

உன் பேச்சை முதல் தடவையாக மீறப்போகிற
உன் தங்கை,
உமா