சிவப்பு பட்டனில் குங்குமம்

1974 மார்ச் 11, திங்கள்
காலை பத்து நாற்பதுக்கு போன் அடித்தது. தேயிலை ஃபேக்டரியில் மெஷின் மக்கர் பண்ணினால் எலக்ட்ரீசியன் என்னைக் கூப்பிட எஸ்டேட்டில் வைத்துக் கொடுத்த போன். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிருக்கும் என்றுதான் எடுத்தேன். "அழகுத்தாய் சேலை பெல்ட்ல..." ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் அதற்குமேல் சொல்லவில்லை.
என் பெண்டாட்டி.

மார்ச் 12
எரித்தாயிற்று.

மார்ச் 30
அவள் பக்கத்தில் வேலை பார்த்த ராமுத்தாய் வந்தாள். "சுவிச்சு அந்தக் கோடியிலல்லாண்ணே இருக்கு. ஓடுனேன். அதுக்குள்ள..."


ஜூன் 20
இலை அரைக்கப் புது மெஷின். ஆள் நிற்கிற இடத்திலேயே சிவப்பு பட்டன். அமுக்கினால் நிற்கும். இவ்வளவுதானா? இது அப்போதே இருந்திருந்தால் —

ஜூலை 2
ஒயரிங் முடிந்தது. பெண்கள் சூடம் காட்டி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

ஜூலை 3
இலை போடாமல் ஓட்டினேன். சேலைக்குப் பதிலாக ஒரு பழைய சாக்கை பெல்ட்டில் விட்டு, "நிப்பாட்டு!" என்று கத்தினேன். ராமுத்தாய் பட்டன் வரைக்கும் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பழைய சுவிட்ச் பக்கம் ஓடினாள்.
"ஏம்மா அமுக்கல?"
"சாமிக்கு வச்ச பொட்டுல்லாண்ணே. எப்படிக் கை வைக்க?"
பட்டன் முழுக்கக் குங்குமம். நான் கவனிக்கவேயில்லை.
பக்கத்தில் நின்ற வேலுத்தாய் சிரித்தாள். "பொட்டு கெடக்கட்டும்டி. கேக்காம நிப்பாட்டுனா டீமேக்கர் கூலி நோட்டுல உன் பேரையே அழிச்சிருவாரு."
எல்லாரும் சிரித்தார்கள். சாக்கு நார்நாராகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

ஜூலை 4
டீமேக்கர், அவருடைய மலையாளத் தமிழில்: "மெஷினு நிக்குதல்லே? பின்னே எந்தா டெஸ்ட்? சனியாழ்ச்ச மேனேஜர் தொர வரும்போ ஓட்டணும்."
"மெஷின் நிக்குது சார். இவங்க நிப்பாட்ட மாட்டேங்கிறாங்க. பழக ஒரு வாரம் குடுங்க."
"ஒனக்கு சுகமில்லா. வீட்டுல போய் ரெஸ்ட் எடுடோ."

ஜூலை 5, வெள்ளி
குங்குமத்தை நானே துடைத்தேன். மெஷினின் மேல்மூடியில் வேறு பொட்டு வைக்கச் சொன்னேன். காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக அமுக்கிப் பழகினார்கள். ஒவ்வொரு தடவையும் டீமேக்கர் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குகிறார்கள். அந்தத் திரும்புகிற நேரம் போதுமே. ராமுத்தாய் ஒருத்திதான், கடைசியில், திரும்பாமல் நிறுத்தினாள். "இப்பச் சரியாண்ணே?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.
மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை. நாளைக்கு ஓட்டச் சொல்கிறார்கள்.
மெஷினின் ஃபியூஸைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அழகுத்தாய் சீப்பு வைக்கிற மாடத்தில் இருக்கிறது. வேலை போகும். போகட்டும்.
போன் அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது.
ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.