இவரை விற்ற வாரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். வெள்ளைக் கோட்டு ரெண்டும் காயவில்லை. நாளை ஸ்கூல் டிஸ்பென்சரிக்கு எதைப் போட்டுக்கொண்டு போக?

வாட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் ஆடுகிற ஃபுட்பால் புள்ளி லீக்கில் ரெண்டாவது வாரம் முடிந்தது. பன்னிரண்டு பேரில் நான் பன்னிரண்டாவது. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரபீக் பாய் குரூப்பில் போட்டது: ‘சிஸ்டர் டீம் ஐ.சி.யூ.வுல கெடக்கு.’ எல்லோரும் சிரிப்புப் பொம்மை.

விதிகளை மறுபடி உட்கார்ந்து படித்தேன்:
– மலையில் ஞாயிறுதோறும் ஆடுகிற எட்டு டீமிலிருந்து ஆளுக்கு ஏழு பேரைப் பொறுக்கலாம். அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்கு நமக்குப் புள்ளி. ஒரு ஆட்டக்காரர் நம்மில் ஒருவரிடம்தான் இருக்க முடியும்.
– கோல் அடித்தால், கோலைத் தடுத்தால் கூட்டல். மஞ்சள் அட்டை, விட்ட பெனால்டி கழித்தல். கேப்டனாகப் போட்ட ஆளுக்கு எல்லாமே ரெண்டு மடங்கு. கழித்தலும்தான்.
– சனி சாயங்காலம் ஆறு வரை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.
– ஆட்டக்காரர்கள் குரூப்பில் இருக்கக்கூடாது.
– கடைசி வருகிறவர் ஃபைனல் அன்று மைதானத்தில் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும்.

போன வருடம் ஊற்றியது நான். அந்தப் போட்டோதான் இன்னும் குரூப்பின் முகப்பில். இந்த வருடமும் என்றால் பஜார் பக்கம் தலைகாட்ட முடியாது.

முதல் ஆளாக எடுத்தது இவரை. கேப்டனும் இவரே. கட்டின புருஷனை எடுக்காமல் வேறு யாரை எடுக்க? ஜீப் ஸ்டாண்டு டீமின் ஃபார்வேர்டு, வயது முப்பத்தேழு. இதுவரை கோல் இல்லை. ஒரு மஞ்சள் அட்டை மட்டும்.

ஆரம்பமே தலைகீழாக இருக்கிறது. போன வருடம் அடித்துத் தள்ளிய ஹோட்டல் டீம் பையன்கள் பந்தைத் தேடுகிறார்கள். மன்னவனூர் கீப்பர் சின்னராசு, ஆட்டுப் பண்ணையில் வேலை, பெயர்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை, இன்னும் ஒரு கோல் விடவில்லை. அவன் என்னிடம். மிச்சம் ஆளில்லாமல் கடைசியாக எடுத்தது! அட்டுவம்பட்டி ஜான்சன் ஆடுவது பின்னால் நின்று தடுக்கிற பேக், அடித்தது தலையாலேயே மூன்று கோல். அவன் ரபீக் பாயிடம்.

கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளிர். ஹாஸ்டல் பிள்ளைகள் வரிசையாக இருமல், காய்ச்சல். டானிக் பாட்டில் தீர்ந்தது.

பி.டி. மாஸ்டர் டேனியல் சார் பிளாஸ்டர் வாங்க வந்தார். லீக்கை நடத்துகிறவர் அவர்தான். உங்கள் டீமில் என்ன கோளாறு என்று கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். ரெண்டு வாரத்தை வைத்துப் பதறக்கூடாதாம், ஆனால் சரிகிற ஆளைக் கட்டிக்கொண்டும் அழக்கூடாதாம்.

‘பேரு இருக்கும்போதே வித்துறணும் சிஸ்டர். கேக்க ஆளிருக்கும்போதே. பாசம் பாத்தா டீதான் ஊத்தணும்.’

யாரைச் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி பிளாஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூடுபனி. மதியமே லைட் போட வேண்டியதாயிற்று.

இவர் மன்னவனூர் சவாரி போய்விட்டு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கவே கஷ்டப்பட்டார். இடது முட்டி வீங்கி, தொட்டால் சூடு. நீர் கோத்திருக்கிறது. திண்டுக்கல் போய் ஸ்கேன் எடுக்கலாம் என்றேன். சீசன் முடியட்டுமாம். எந்த சீசன்? மூன்று வருடமாக இதுதான் கடைசி சீசன்.

கிரேப் பேண்டேஜ் கட்டிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான்தான் கட்டுகிறேன். வேறு யார் கட்டினாலும் இறுக்கம் சரியில்லையாம்.

‘யார்ட்டயும் சொல்லிறாத பிலோ. டீம்ல தெரிஞ்சா உக்கார வச்சிருவானுக.’

சரி என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செய்துவிட்டேன்.

மதியம் டிஸ்பென்சரியில் ஆளில்லை. குரூப்பில் போட்டேன்: ‘ஆரோக்கியம், ஜீப் ஸ்டாண்டு. யாருக்காவது வேணுமா? நல்ல பேக் ஒருத்தர் குடுத்தா போதும்.’

முட்டி விஷயம் எனக்கும் இவருக்கும்தான் தெரியும். ஞாயிறு ஊரே பார்த்துவிடும். அதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் ஓடியது. நர்ஸ் புத்தியா இது?

ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தது மட்டும் தெரிகிறது. எனக்கே அவமானமாக இருந்தது. என்ன இவருக்கு? போன வருடம் ஆறு கோல் அடித்தவர்தானே என்று கோபம்கூட வந்தது. விற்கிறவளுக்குக் கோபம்!

சாயங்காலம் ரபீக் பாய்: ‘நான் எடுத்துக்கறேன் சிஸ்டர். ஜான்சன நீங்க வச்சுக்கங்க.’

ஜான்சனா! பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? அவர் மனசு மாறுவதற்குள் சரி போட்டேன். ராத்திரி சப்பாத்தி, இவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு. என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். அதிசயம்.

நான் எழுந்தபோது இவர் வெள்ளனே எழுந்து முட்டியில் தானே கட்டு போட்டு முடித்திருந்தார். கோணல்மாணல். அவிழ்த்துக் கட்டுகிறேன் என்றதற்கு, உனக்கு ஆயிரம் சோலி கெடக்கு, அதப் பாரு என்று ஷூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவசரம்போல என்று நினைத்தேன்.

ஜீப் ஸ்டாண்டுக்கும் அட்டுவம்பட்டிக்கும் ஆட்டம். கார்னரில் ஜான்சன் எழும்பி ஒரு முட்டு. கோல். எழுந்து கைதட்டிவிட்டேன். தட்டின பிறகுதான் தெரிந்தது, யாருக்கு எதிரான கோல் என்று. இவர் நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நொண்ட ஆரம்பித்ததும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

சின்னராசு இன்றும் கோல் விடவில்லை. நான் நாலாவது இடம். ‘சிஸ்டர் டீம் டிஸ்சார்ஜ்’ என்று குரூப்பில். சந்தோஷமே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பூண்டு, துவரம்பருப்பு, சோப்பு வாங்க ரபீக் பாய் கடைக்குப் போனேன். ஜான்சன் அடித்ததற்கு வயிற்றெரிச்சலா பாய் என்று கிண்டல் பண்ணினேன். சிரிக்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

‘தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். அன்னைக்கு ஜீப் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருந்தோம். நீங்க குரூப்ல போட்டத ஒருத்தன் சத்தமா வாசிச்சுட்டான். எல்லாரும் சிரிச்சானுக. ஆரோவும் சிரிச்சாரு. பெறகு என்னையத் தனியாக் கூப்பிட்டு, நீங்க வாங்கிக்கங்க பாய், ஒருத்தனும் கேக்கலைன்னா அவ மனசு கஷ்டப்படும்னாரு. ஜான்சனக் குடுக்கச் சொன்னதும் அவருதான்.’

அவ மனசு கஷ்டப்படும்.

பூண்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தூக்கமில்லை. டிஸ்பென்சரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே ஒரு பிள்ளை தெர்மாமீட்டரோடு நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் வைத்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார். ஐயோ.

போதும், நிறுத்துங்கள், இந்த முட்டி இனி தாங்காது. இதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். அதற்குத் தைரியமில்லை. ஊர் முன்னால் விலைக்கு வைக்க மட்டும் இருந்தது.

ராத்திரி சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். மன்னிச்சிருங்க என்பதற்குள் வெளயாட்டுதானே, விடு என்றார். வெரசா சாப்பிடு, ஆறுது என்றார். முட்டியைக் காட்டச் சொன்னேன். சரியாகிவிட்டதாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 16, சனி

நேற்றும் இன்றும் லீவுக் கூட்டம். ஏரியைச் சுற்றி வண்டி நகரவில்லை. இவர் விடியுமுன் போனால் இருட்டித்தான் வருகிறார். பேச நேரமே கொடுப்பதில்லை.

நாலு மணிக்கு முடிவு பண்ணினேன். ஆறுக்குள் இவரைத் திரும்ப வாங்க வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லை, மழை. குடையோடு மேல் ரோடு வரைக்கும் ஓடினேன். ரபீக் பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. தொழுகை நேரம். மறுபடி. மறுபடி. ஒருவழியாக எடுத்தார்.

அந்த முட்டியைப் பார்த்த பிறகுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாய் யாவாரி இல்லையா, கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் மன்னவனூர் கீப்பரைக் கொடுங்கள் என்றார். சரி என்றேன்.

‘என்ன சிஸ்டர், பேரமே பேசாம குடுக்குறீங்க?’

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன். ஆறு அடிக்கச் சற்றுமுன் ட்ரேட் முடிந்தது. இவரையே கேப்டனாகப் போட்டேன். டேனியல் சார் போன் பண்ணி, உங்கள் போன் திருட்டுப் போய்விட்டதா என்றார்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஈடு கட்டுகிற மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாரல். மைதானம் முழுக்கச் சேறு. ஜீப் ஸ்டாண்டுக்கு எதிராக மன்னவனூர்.

இவரை உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சு ஓரத்தில், கோணல் கட்டோடு. பாதி ஆட்டம் போயிற்று, முக்கால் போயிற்று. ஒன்றுக்குப் பூஜ்யம், மன்னவனூர் முன்னால். கடைசியில் ஒருத்தனுக்குத் தசை பிடித்துக்கொள்ள, வேறு ஆளில்லாமல் இவரை இறக்கினார்கள். இறங்காதீங்க என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தவில்லை.

முடிகிற நேரத்தில் பெனால்டி. ஸ்டாண்டு பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு, பந்தை எடுத்து இவர் கையில் கொடுத்தார்கள். எதிரே சின்னராசு.

அடித்தார். இடது காலை ஊன்றினபோதே முட்டி மடங்கிவிட்டது. பந்து சின்னராசு கைக்கே போயிற்று. அவ்வளவுதான். விசில்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். டேனியல் சார் சத்தமாகக் கணக்குச் சொன்னார்: சிஸ்டருக்கு மைனஸ் ரெண்டு, கேப்டன், அப்ப மைனஸ் நாலு. பெனால்டி தடுத்த புள்ளி ரபீக் பாய்க்கு. பாய் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். ஜான்சனும் இன்று அடிக்கவில்லை, நான் திரும்பவும் கடைசி.

ஜீப்பில் வந்தோம். நான்தான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சேறு அப்படியே. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

‘அந்தக் கீப்பர எவளாச்சும் குடுப்பாளா? கிறுக்கச்சி.’

ஸ்டாண்டில் நேற்றே தெரிந்துவிட்டதாம்.

‘நாளைக்கு ஷூவ எவனுக்காச்சும் குடுத்துரு. போதும். என்னையவும் வித்துரு பிலோ, கேக்க ஆளிருக்கும்போதே.’

யாரும் கேக்கலைங்க என்றேன்.

காலை என் பக்கம் நீட்டினார். கட்டை அவிழ்த்தேன்.